பூஜைக்கு வைத்த லேப்டாப்

வனஜாவுக்கு ஸ்ரீகண்டன் மேல் இருந்ததைக் கோபம் என்று சொன்னால் கோபத்துக்கே அவமானம். அந்த மனுஷனுக்குச் சாப்பாட்டில் விக்கல் எடுத்தால் தண்ணீர் ஜக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வாள், அவ்வளவு வெறுப்பு.

காரணம் இல்லாமல் இல்லை. அவர்கள் கம்பெனி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் தயாரித்தது. லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கும் டிஸ்க் பகுதியைச் சுருக்கி, மிச்ச இடத்தில் புது சிஸ்டத்தைப் போடுவது இன்ஸ்டாலரின் வேலை. ஆனால் ஷட்டவுன் செய்யாமல் மூடி மட்டும் வைத்த லேப்டாப் என்றால், இன்ஸ்டாலர் ஃபைல்கள் இருக்கும் இடத்தையே காலி என்று நினைத்து வெட்டிவிடும். டெஸ்டர் வனஜா இதைக் கண்டுபிடித்து பக் ரிப்போர்ட் எழுதினாள். டீம் லீடர் ஸ்ரீகண்டன் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, ‘டெஸ்டரின் தவறு’ என்று போட்டு மூடினார்.

"என் லேப்டாப்ல நல்லாத்தானேம்மா ஓடுது? சும்னே டென்ஷன் பண்ணாதே," என்றார், கன்னடம் கலந்த தமிழில்.

சிஸ்டம் வெளியான பிறகு அத்திபெலேயில் ஒரு ஸ்டுடியோக்காரரின் கல்யாணப் படங்கள் மொத்தமும் அழிந்தன. டைரக்டர் பத்ரிநாத் விசாரித்தபோது ஸ்ரீகண்டன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். "டெஸ்டிங்ல விட்டுட்டாங்க சார். புது வெர்ஷன்ல சரி பண்ணியாச்சு." ரிப்போர்ட்டிலும் அவள் தவறு என்றுதானே இருந்தது? நிரந்தரமாக வேண்டிய வேலை போயிற்று. மாதக் கடைசியோடு கிளம்பச் சொன்னார்கள். பொம்மனஹள்ளி அறையில் வயிறெரிய அழுதாள்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்ரீகண்டன் பெரிய பக்திமான். நல்ல நேரம் போகிறதே என்ற அவசரத்தில், பாதி வேலையில் இருந்த லேப்டாப்பைப் படக்கென்று மூடி, குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்தின் முன் வைத்தார். வனஜா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் விஜயதசமி. டைரக்டர் முன்னால், அதே லேப்டாப்பில் புது வெர்ஷனைப் போட்டுக் காட்டப் பென்டிரைவைச் செருகினார். நேற்று ஷட்டவுன் செய்யாமல் மூடிய லேப்டாப் என்று சொல்ல வனஜாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஒரு வார்த்தை போதும். அதை எழுதித்தானே வேலையை இழந்தாள்? பொரியை அள்ளி வாயில் போட்டு மென்றாள்.

இன்ஸ்டால் முடிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். பழைய சிஸ்டத்தைத் திறக்கப் பார்த்தார் ஸ்ரீகண்டன். திறக்கவில்லை. இன்னொரு முறை. ஊஹும்.

"மூணு வருஷ வேலை இதுலதான்... என் பொண்ணு அனன்யா போட்டோ எல்லாம்..." அவர் பவர் பட்டனை மறுபடி மறுபடி அழுத்தினார். வனஜாவுக்கு மனம் குளிர்ந்தது.

"வனஜா, நீ ஏதோ எழுதியிருந்தியே! கொஞ்சம் பாரும்மா," என்றார் ஸ்ரீகண்டன்.

அவள் தன் கம்ப்யூட்டரைப் பெரிய திரையில் இணைத்தாள். "முதல்ல அந்த ரிப்போர்ட்டைத் திறங்க சார். யார் தப்புன்னு உங்க கையாலயே மாத்துங்க."

டைரக்டர் பார்த்துக்கொண்டிருக்க, வேர்த்த விரல்களால் ஸ்ரீகண்டன் தட்டினார்: ‘என் தவறு. படிக்காமல் மூடிவிட்டேன்.’

"ஆய்த்தும்மா, மாத்திட்டேன். இப்ப சொல்லு, எப்படி மீட்கறது?"

"மீட்க முடியாது சார். முதல் வரியிலேயே எழுதியிருக்கேனே."

ஸ்ரீகண்டன் குனிந்து அந்த வரியைப் படித்தார். அவர் படித்து முடிக்கும்வரை வனஜா அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.