கல்லூரிக்கு வந்த அரைப்பேர்

நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்று கேட்டால், விஜிதரனைக் காட்டினாலே போதும். கெட்ட பையன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இவ்வளவு வெட்கப்பட்டிருக்கவும் மாட்டான்.

ஹட்டனுக்கு மேலே, பஜாரிலிருந்து மூச்சு வாங்க ஏறிப் போகும் சரிவில் அந்தத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அதன் கணினிப் பிரிவில் அந்த வருடம் இரண்டு மாணவர்களைப் பயிலுநர்களாக எடுத்தார்கள். ஒருத்தி ரிஸ்லா, பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஹசன் முதலாளியின் மகள். மற்றவன் விஜிதரன். நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவன். அப்பா இல்லை. அம்மா நாகலெட்சுமி கொழுந்து பறித்துத்தான் அவனைப் படிக்க வைத்தாள். கல்லூரி விடுதியில் இடம் கிடைத்ததிலிருந்து அவன் சட்டையைத் தேய்த்துப் போடவும், எந்த ஊர் என்று கேட்டால் "ஹட்டன்" என்று மட்டும் சொல்லவும் பழகியிருந்தான்.

இருவருக்கும் கொடுத்த வேலை, வரவு பதியும் கருவி. ஒவ்வொரு வகுப்புக் கதவோரமும் ஒரு சின்னப் பெட்டி. மாணவர்கள் தங்கள் அட்டையை அதில் காட்டினால் கதவுக்கு மேலே உள்ள திரையில் பெயர் விழும். வரவும் தானாகப் பதிந்துவிடும். கம்பி இழுத்தது, பெட்டி பொருத்தியது எல்லாம் சேர்ந்து செய்தார்கள். விதிகளை எழுதும் நாள் வந்தபோதுதான் வில்லங்கமும் வந்தது.

"பிந்தி வாறவங்களுக்கு என்ன போடுறது?" என்று கேட்டார் சுதாகரன் சேர். கணினிப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு.

"வந்தா வந்ததுதானே சேர்," என்றாள் ரிஸ்லா. "பிந்தினா லெக்சரர் ஏசட்டும். மெசின் ஏன் ஏசணும்?"

"அப்படி விட்டா எல்லாரும் ஆறுதலா தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் வருவாங்க. பிந்தினா வரல்லன்னே போட்டுருவமா?"

விஜிதரன் அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது திறந்தான்.

"அது பாவம் சேர். பாதி போடலாம். மணியடிச்சுக் கொஞ்ச நேரத்துக்குள்ள வந்தா முழு வரவு. அதுக்குப் பொறகு வந்தா அரை."

"ஒரு ஆளு பாதி எப்படிங்க வரும்?" என்று ரிஸ்லா சிரித்தாள். சேர் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நல்ல யோசனை. யார் சொல்லித் தந்தது?" என்று கேட்டார்.

"நானா யோசிச்சேன் சேர்."

நானாக யோசித்தானாம்! தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். விடிந்தும் விடியாமலும் வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் பதிந்துதான் பெண்களை மலைக்கு அனுப்புவார்கள். பிந்திப் போனாலும், பறித்த கொழுந்து சொன்ன நிறைக்கு வராவிட்டாலும் அன்றைக்கு அரைப்பேர். பகல் முழுக்க மழையில் நின்று அட்டைக்கடி வாங்கியவளுக்கும் அரை நாள் சம்பளம்தான். ஆனால் அதை அநியாயம் என்று யாரும் சொல்லி விஜிதரன் கேட்டதில்லை. பேரே இல்லை என்று திருப்பி அனுப்பாமல் "பாவம் பாத்து அரைப்பேராச்சும் போட்டாரு" என்று கணக்கப்பிள்ளையைப் புகழ்ந்துதான் கேட்டிருக்கிறான். அவன் அம்மாவே அப்படிச் சொல்லியிருக்கிறாள். ஆகவே அரை என்பது அவனுக்குத் தண்டனையாகத் தெரியவில்லை. இரக்கமாகத்தான் தெரிந்தது. துணிக்கடைக்காரர் மகளுக்கு இந்தத் தவறு கனவிலும் வந்திருக்காது.

எங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடச் சேர் கொஞ்சம் நிதானித்திருப்பார். அதைச் சொல்ல அவனுக்குக் கூச்சம். லயத்துச் சரக்கைத் தன் மூளையில் விளைந்த சரக்காக விற்றான். அது அமோகமாக விலைபோனது. கருவியைத் திறந்து வைத்த அன்று கல்லூரி அதிபர் அவன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். "இரண்டு அரை சேர்ந்தால் ஒருநாள் வரவில்லை என்று கணக்கு, எண்பது வீதத்துக்குக் குறைந்தால் பரீட்சை இல்லை. எல்லாவற்றையும் கருவியே பார்த்துக்கொள்ளும்" என்று மேடையில் அவர் பெருமையாகச் சொன்னபோது விஜிதரனும் கைதட்டினான்.

வினோதாவுக்கு அந்தக் கைதட்டல் நினைவிருந்திருக்க வேண்டும்.

வினோதா அவனுடைய லயத்துப் பெண். அவன் வீட்டிலிருந்து நான்காவது வீடு. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து ஒரே கல்லூரிக்கு வந்தவர்கள். பெண்கள் விடுதியில் இடம் போதாததால் அவள் தினமும் வீட்டிலிருந்து வந்து போனாள். தோட்டத்திலிருந்து வரும் முதல் பஸ் எங்கே சனத்தைக் கண்டாலும் நிற்கும். நோர்வூட்டில் நிறையும் வரை நகராது. அது ஹட்டனுக்கு வந்து, அவள் மலையேறி வருவதற்குள் மணி அடித்து வெகுநேரம் ஆகியிருக்கும். அதற்கு முந்திய பஸ் என்று ஒன்று கிடையாது.

அன்று நல்ல மழை. சொட்டச் சொட்ட வந்து அட்டையைக் காட்டினாள். திரையில் அவள் பெயர் செம்மஞ்சள் நிறத்தில் விழுந்தது, பக்கத்தில் "அரை". பின்வரிசையில் எவனோ, "அரை வினோதா வந்தாச்சு!" என்றான். வகுப்பே சிரித்தது. விஜிதரன் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் அவள் கன்டீனில் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"விஜி, இந்த அரைப்பேர இங்க யாரு கொண்டாந்தது?"

"சேர்தான்."

கொஞ்சமும் தடுமாறாமல் வந்தது அந்தப் பொய். வாயில் தயாராக வைத்திருந்தவன்போலச் சொன்னான்.

"சேருக்கு அரைப்பேரு எப்புடித் தெரியும்?"

"அவருக்கென்ன தெரியாது? அவரு வச்ச ரூல்ஸ். நாங்க எழுதிக் குடுத்ததோட சரி."

அவள் நம்பிவிட்டாள். சின்ன வயதிலிருந்து தெரிந்தவன் தன்னிடம் ஏன் பொய் சொல்லப்போகிறான் என்று நினைத்திருப்பாள். "நீயாவது சேர்கிட்டச் சொல்லிப் பாரு விஜி. பஸ்ஸு பிந்துறதுக்கு நான் என்னா செய்ய?" என்றாள். சொல்கிறேன் என்று தலையாட்டினான். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த கிழமை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனான். சொன்னால் தோளில் கைபோட்ட அதிபரின் முகம் எப்படி மாறும் என்ற நினைப்பே அவன் நாக்கைக் கட்டிப்போட்டது.

பரீட்சைக்கு முன் தகுதிப் பட்டியலை எடுக்கும் பொத்தானை அழுத்தியதும் அவன்தான். அழுத்திவிட்டுப் பார்த்தால், பரீட்சை எழுத முடியாதவர்கள் என்று விழுந்த பெயர்களில் அநேகம் தூரத்துத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். வினோதாவும் அதில் இருந்தாள். ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை அவள். காய்ச்சலோடும் வந்திருக்கிறாள். ஆனாலும் தகுதி இல்லை. பரீட்சை இல்லையென்றால் அவளுக்குக் கிடைக்கும் உதவித்தொகையும் நின்றுவிடும். அதற்குப் பிறகு படிப்பும் இல்லை. அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. பட்டியலைச் சேரின் மேசையில் வைத்துவிட்டு விடுதிக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

இரண்டொரு நாளில் வினோதாவின் அம்மா கல்லூரிக்கு வந்தாள். அம்மாக்கண்ணு. பெரட்டுக்குப் போகாமல், அன்றைய பேரை விட்டுவிட்டு, கோவிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சுதாகரன் சேரின் அறையில் நாற்காலி போட்டும் உட்காராமல் மகளோடு நின்றுகொண்டிருந்தாள். கருவியைப் பற்றி விளக்கம் சொல்ல விஜிதரனையும் ரிஸ்லாவையும் சேர் கூப்பிட்டார்.

உள்ளே நுழைந்த விஜிதரனைக் கண்டதும் அம்மாக்கண்ணுவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை அவனால் பார்க்க முடியவில்லை.

"இந்தா, எங்க தம்பியே இருக்கே! தம்பிக்குத் தெரியும் சேர், அந்த பஸ்ஸு எப்புடி வருதுன்னு. சொல்லுங்க தம்பி."

"விளங்குது அம்மா," என்றார் சேர். "ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே. மகளுக்கு மட்டும் மாத்த ஏலாது."

"அந்த விதிய வச்சவங்ககிட்டயே கேக்குறேங்க சேர். யாருங்க வச்சது? நான் கால்ல விழுந்து கேக்குறேன்."

வினோதா சுதாகரன் சேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்தான் வைத்தவர் என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது அல்லவா? அவள் ஏன் தன்னைப் பார்க்கிறாள் என்று புரியாமல் சேர் விஜிதரனைப் பார்த்தார். ரிஸ்லாவும் அவனைப் பார்த்தாள். வேண்டுமானால் அவள் சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. அவன் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

அம்மாக்கண்ணு நிஜமாகவே குனியத் தொடங்கினாள். யார் காலில் விழுவது என்று தெரியாமல், கைகூப்பியபடி பொதுவாகக் குனிந்தாள்.

"அத்த, வேணாங்க!" விஜிதரன் கத்தியே விட்டான். "நான்தான். நான்தான் அத்த வச்சேன்."

அவனுக்கு இனி நிறுத்தவும் தெரியவில்லை.

"நம்ம தோட்டத்து அரைப்பேர்தான் சேர் அது. நான் யோசிச்சதுன்னு சொன்னது பொய். பேரே இல்லாமப் போறதுக்கு அரைப்பேரு நல்லதுதானேன்னு நெனச்சேன். பட்டியல் எடுத்தன்னைக்கே எனக்குத் தெரியும். பயத்துல சொல்லல்ல."

சுதாகரன் சேரின் முகம் சிவந்தது. "என்ன வேலை இது? ஒரு நாளும் பிந்தாத விடுதிப் பிள்ளை நீ. உன் ஊர்ப் பிள்ளைகளுக்கே இதைச் செய்திருக்கிறாயே!" என்று குரலை உயர்த்தினார். இன்னும் ஏசியிருப்பார். குறுக்கே வந்தவள் அம்மாக்கண்ணு.

"அத ஏசாதீங்க சேர். சின்னப் புள்ள. அது பொறந்ததுலருந்து பாத்தது அதத்தானே? அதுக்கு வேற என்னா தெரியும்?"

சேர் கன்னத்தில் அறைந்திருந்தால் விஜிதரன் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. ஹட்டன் என்று சொல்லிச் சொல்லிப் பூசி மெழுகிய எல்லாவற்றையும் அந்தப் பெண் அவனுக்கு இரங்கி, அவனுக்காகப் பரிந்து பேசி, ஒரே பேச்சில் உரித்துப் போட்டுவிட்டாள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கண்ணீர் வந்தது. துடைக்கவும் கூச்சமாக இருந்தது.

அந்த அரையை மேடைவரை கொண்டுபோனதில் தனக்கும் பங்குண்டு என்பது சேருக்கு விளங்கியிருக்க வேண்டும். பிறகு அதிபரிடம் போய்விட்டு வந்தார். அரை வரவையெல்லாம் முழு வரவாக்கிப் பட்டியலைப் புதிதாக எடுக்கச் சொன்னார். வினோதா பரீட்சை எழுதலாம். மற்றவர்களும் எழுதலாம்.

வெளியே வராந்தாவில் வினோதா அவனுக்காக நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று ஒரு நொடி அவன் மடத்தனமாக நினைத்தான்.

"அன்னைக்குக் கன்டீன்ல நான் கேட்டப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே விஜி."

"வினோதா, நான்..."

"மெசின் போட்ட அரைகூட எனக்குப் பெருசில்ல. ஒன்னைய நம்பி, ஒண்ணும் செய்யாத அந்த மனுசன நான் இத்தன நாளா மனசுக்குள்ள திட்டிக்கிட்டிருந்தேன்."

அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு சரிவில் முன்னால் இறங்கிப் போய்விட்டாள்.

அம்மாக்கண்ணுவோடு அவன்தான் பஸ் நிலையம் வரை நடந்தான். அவளே பேசிக்கொண்டு வந்தாள். சாப்பாடு சரியா, குளிருக்குப் போர்வை இருக்கா என்று கேட்டாள். ஒன்றும் நடக்காததுபோல அவள் பேசப் பேச அவன் கூனிக் குறுகிப்போனான். நோர்வூட் பஸ் புறப்படத் தயாராக நின்றது. வினோதா ஏற்கெனவே ஏறி, மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

அம்மாக்கண்ணு படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, இத லயத்துல நான் மூச்சு விட மாட்டேன். வினோதாவையும் சொல்ல விட மாட்டேன். ஒங்க அம்மா கொழுந்து மலையில நின்னு எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருக்கு, எம் மகன் காலேஜில மெசின் செஞ்சிருக்கான்னு. போன கிழமகூட அதுக்கு அரைப்பேருதான். அன்னைக்கும் இதச் சொல்லித்தான் சிரிச்சுக்கிட்டே மலை எறங்குச்சு. அது இதத் தாங்காது தம்பி."

சொல்லிவிடுங்கள் அத்தை, நானே வந்து சொல்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்தான். உண்மையாகவே நினைத்தான். ஆனால் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியதுபோல ஒரு நிம்மதி அதற்குள் வந்துவிட்டது. வாயில் வந்தது வேறு.

"சரிங்க அத்த," என்றான்.