சிவப்பு வளையம்

மேஸ்திரிக்கு நான் தரவேண்டியது மூவாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். என் மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு மரத்தை வெட்டினால் பாதி கழியும் என்றார்.

வெட்டவேண்டிய மரத்துக்குச் சிவப்பு வளையம் பூசுவது எங்கள் தொழில் வழக்கம். போய்ப் பார்த்தால் ஏழு மரத்திலும் வளையம். ஒரு வளையம்தான் நேராக இருந்தது.

மகள் ஓடிவந்தாள். “மரத்தைக் காப்பாத்தணும்னு டீச்சர் சொன்னாங்கப்பா. ஒரு மரத்துல அழகா வளையம் இருந்துச்சு. நாங்க மத்ததுக்கும் பூசிட்டோம். இனி யாரும் தொட மாட்டாங்கல்ல?”

போனில் சொன்னதும் மேஸ்திரி சிரித்தார். “பசங்களே வேலைய முடிச்சுட்டாங்க. ஏழையும் சாய்ச்சுடு, கடன் மொத்தமும் போச்சு.”

“ஒண்ணுதானே சொன்னீங்க.”

“பெரிய மகாராஜா. அப்ப காசை வை.”

வாதாடத் தெம்பில்லை. “என் அறுப்பு மிஷின எடுத்துக்கங்க. கணக்கு முடிஞ்சுது.”

போனை வைத்துவிட்டு மகளிடம் சொன்னேன்: “எங்க தொழில்ல இந்த வளையம்னா வெட்டுன்னு அர்த்தம், கண்ணு. கோணலா இருக்கற ஆறையும் சுரண்டிடுங்க. நேரா இருக்கறத வேற எவனாவது வந்து வெட்டத்தான் போறான்.”

அவள் நேரான வளையத்தில்தான் முதலில் கைவைத்தாள். நான் தடுக்கவில்லை.

சாயங்காலம் மிஷினை வாங்கிக்கொண்டு, மேஸ்திரி கணக்கு நோட்டில் என் கடனை அடித்துவிட்டார்.