ஏழாம் நம்பர் ரூம் மணி

...அமுக்கியாச்சு, இனிமே கையைப் பிசைஞ்சு என்ன ஆகப்போகுது, மணிப் பொத்தானை அமுக்கின விரல்ல அந்தப் பித்தளையோட ஜில்லு இன்னும் இருக்கு, இடது கையில ஸ்டாப் வாட்ச், தலைக் குமிழை அழுத்தினதும் முள்ளு கிளம்பிருச்சு, கிளம்பின முள்ளு எனக்காக நிக்குமா... ஆறு மணி. சரியா ஆறு. பத்து நிமிஷம் முந்தியே அமுக்கியிருக்கலாம், தொரை குளிக்கிற ரூம்ல தொட்டிக்குள்ள கெடக்குறாரு, தண்ணி சளப்சளப்னு கேக்குது, நடுநடுவுல சீட்டியடிக்கிறாரு, அவருக்கு என்ன தெரியப்போகுது, அஞ்சே முக்காலுக்கே நான் இந்தப் பொத்தான்கிட்ட வந்து நின்னாச்சு, நின்னு என்ன செஞ்சேன், ஆறு ஆகட்டும்னு மரம் மாதிரி நின்னேன். பழக்கம். எட்டு வருஷமா ஊர் ஊராப் போயி ஆறு மணிக்கு மணி அடிச்ச விரல், அது எம்பேச்சைக் கேக்காது. கேக்காதுன்னு சொல்றதும் சும்மாதான், அமுக்காதேன்னு அதுகிட்ட நான் சொல்லவே இல்லையே.

மெட்ராஸ்ல ஒரு மோட்டார் சங்கம் இருக்கு, கார் வச்சிருக்கிற தொரைமாருக்கு வருஷா வருஷம் ஒரு புஸ்தகம் போடுது, எந்த ஊர்ல எந்த ஹோட்டல்ல தங்கினா உடம்புக்கு ஒண்ணும் வராதுன்னு, ஹோட்டல் பேருக்குப் பக்கத்துல நட்சத்திரம், ஒண்ணு, ரெண்டு, மூணு... அந்த நட்சத்திரத்தைப் போடுற ஆளு எங்க தொரை. போற எடத்துல அதைச் சொல்லமாட்டாரு, தேயிலைத் தோட்டம்னு எழுதிக் கையெழுத்துப் போடுவாரு, நட்சத்திரக்காரன்னு தெரிஞ்சா கோழியெல்லாம் தானா வறுபட்டு வந்து தட்டுல உக்காந்துக்கிருமே. நான் அவரு சட்டையை மடிக்கிறவன், பூட்ஸைத் துடைக்கிறவன், பாக்கிறவங்களுக்கு அம்புட்டுத்தான். ஆனா ஹோட்டலைப் பாக்கிறது யாரு? அவரு சாய்வு நாற்காலியில விழுந்தா எந்திரிக்கமாட்டாரு. கட்டிலுக்கு அடியில வெள்ளைக் கைக்குட்டையை இழுத்துப் பாக்கிறவன் நான், கொசுவலையில ஓட்டை தேடுறவன் நான், அலமாரிக்குள்ள தலையை விட்டுக் கரப்பான் வாடை அடிக்குதான்னு மோந்து பாக்கிறவன் நான், வெண்ணெய் நேத்து வெண்ணெயா இன்னைக்கு வெண்ணெயான்னு நாக்குல வச்சுச் சொல்றவன் நான். நம்பர் என்னுது, எழுத்து அவருது. சங்கம் அச்சடிச்சுக் குடுத்த பாரத்துல பழமைன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுக்கு மட்டும் நான் வேண்டியதில்ல, அவரே போட்டுக்கிருவாரு, நூறு வருஷத்துக் கட்டடம், ஏதோ ஒரு கலெக்டர் குன்று மேல கட்டிக்கிட்ட பங்களா, தேக்குப் படி, வாசல்ல துருப்பிடிச்ச பீரங்கி, கவர்னர் படுத்த கட்டில்னு ஒரு பித்தளைத் தகடு... கவர்னர் படுத்த கட்டிலை நான் இதுவரைக்கும் நாலு ஊர்ல பாத்துட்டேன், மனுசன் தூங்குறதுக்குன்னே கப்பலேறி வந்தாரு போல.

பாரத்துல கடைசிக் கட்டம் மணி. விடியக்காலம் ஒண்ணு, மதியம் ரெண்டரைக்கு ஒண்ணு, சாயந்திரம் ஆறுக்கு ஒண்ணு, அதுல ஆறு மணி மணிதான் பெரிசு, என்ன வேணும்னு கேட்டு வரக்கூடாது, கேக்காமலே விஸ்கியும் சோடாவும் ஐஸும் தட்டுல வச்சு எடுத்தாரணும், அஞ்சு நிமிஷத்துக்குள்ள வந்தா முதல் தரம், தாண்டினா ஒரு நட்சத்திரம் போச்சு. ஊட்டிக்கும் அதே ஆறு, கொடைக்கானலுக்கும் அதே ஆறு, மதுரைக்கு வெளியில இந்தப் பொட்டல்ல நிக்கிற குன்றுக்கும் அதே ஆறு, மெட்ராஸ்ல உக்காந்து பாரம் அச்சடிச்சவனுக்கு ஆறு மணின்னா தொரைமார் தொண்டை வறண்டு போற நேரம், அவன் மேல என்ன குத்தம்... எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல. போன வருஷம், முப்பத்தேழு, இதே ரம்ஜான் மாசம், இதே ஏழாம் நம்பர் ரூம், ஆறுக்கு அமுக்கினேன், அஞ்சு நிமிஷம் ஆச்சு, எட்டு ஆச்சு, சோம்பேறிப் பயலுக, எங்கயாவது பீடி குடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பானுகன்னு உள்ளுக்குள்ள வஞ்சுக்கிட்டே முள்ளைப் பாக்குறேன், பதினாலு. பதினாலாவது நிமிஷம் ஹெட் பட்லர் சேக் இஸ்மாயில் பாய் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வாராரு, அறுவது வயசு, தட்டை வைக்கக் குனியுறாரு, தாடியில ஒரு கஞ்சிப் பருக்கை ஒட்டியிருக்கு. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. இங்க பட்லர் வேலை பாக்கிறது அம்புட்டுப் பேரும் நம்மாளுக, ஆறு மணிங்கிறது நோன்பு திறக்கிற நேரம். யா அல்லா, இது ஒரு முஸ்லிமுக்கு மறந்துபோற விஷயமா? நான் நோன்பு வைக்கிறதில்ல. பிரயாணத்துல இருக்கிறவன் விட்டுட்டுப் பின்னாடி வச்சுக்கலாம்னு இருக்கு, நான் எட்டு வருஷமாப் பிரயாணத்துல இருக்கேன், அந்தப் பின்னாடி இன்னும் வரல, அதனால எனக்கு ஆறு மணிங்கிறது ஆறு மணி மட்டும்தான். சரி, பருக்கையைப் பாத்தப்புறமாவது... தொரை எத்தனைன்னு கேட்டாரு, பதினாலுன்னேன். பதினாலு பதினாலுதானே, பாத்த நம்பரை நானே மாத்தினா அப்புறம் நான் எதுக்கு, கைக்குட்டை எதுக்கு, வாட்ச் எதுக்கு?

மூணு நட்சத்திரம் ரெண்டாச்சு. மணிக்கு ஆளு வரத் தாமதம்னு புஸ்தகத்துல எழுதியிருந்துச்சு, அது வந்த வாரமே மேனேஜர் சேக் இஸ்மாயில் பாயைக் கூப்பிட்டுத் தலைப்பாகையையும் இடுப்புப் பட்டையையும் கழட்டி வச்சிட்டுப் போன்னுட்டான், பாய் இப்ப பேரையூர்ல மக வீட்டுத் தயவுல கெடக்குறாராம். கழட்டி வச்ச பட்டை யாரு இடுப்புக்குப் போச்சு? நூருல் அமீன் இடுப்புக்கு. எந்தங்கச்சி லத்தீபா புருசன். லத்தீபா காயிதம் எழுதச் சொல்லிப் போட்டிருந்தா, அண்ணே, உங்க மாப்ளை ஹெட் பட்லர் ஆயிட்டாரு, அல்லா நம்மளையும் திரும்பிப் பாத்துட்டான்னு... பாத்தது அல்லா இல்லம்மா, உங்கண்ணன், கையில வாட்சை வச்சுக்கிட்டுப் பாத்தான். அந்தக் காயிதத்தை மடிச்சு டிரங்குப் பெட்டிக்குள்ள போட்டேன், சந்தோசமும் படல, வருத்தமும் படல, ரயிலுக்கு நேரமாச்சுன்னு தொரை சட்டையை மடிச்சேன். இன்னைக்குக் காலையில பின்கட்டுல அடிபம்புகிட்டத் துணி அலசிக்கிட்டு இருக்கேன், நூருல் அமீன் வந்து பக்கத்துல நிக்கிறான், சுத்துமுத்தும் பாக்குறான், "மச்சான், ஒங்ககிட்டதான் சொல்லமுடியும், நட்சத்திரம் போடுற ஆளு இந்த மாசம் வாரானாம், எவன்னு ஒரு துப்பும் இல்ல, மூணாவது நட்சத்திரம் திரும்ப வரலைன்னா நீயும் பட்டையைக் கழட்டிட்டுப் போயிருன்னு மேனேஜர் சொல்லிட்டான், லத்தீபா வேற நெறமாசமா இருக்கா." வந்தா வரட்டும், நீ ஒழுங்கா வேலையைப் பாரு மாப்ளன்னேன், பெரிய மனுசன் மாதிரி. "பாக்காமலா மச்சான், சேக் இஸ்மாயில் பாய் பாக்காத வேலையா?" அதுக்கு நான் சட்டையைப் பிழிஞ்சேன். அந்த ஆளு எந்தொரைதான்டா, ஆறு மணிக்கு மணிகிட்டயே நில்லுடான்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, நாக்கு என்ன மேல்வாயில ஒட்டிக்கிச்சா? வெளியில சொன்னா அன்னைக்கே என் சீட்டைக் கிழிச்சிருவாரு தொரை, அது ஒண்ணு. அது மட்டுமா? இந்த வருஷத்தைச் சொன்னா போன வருஷத்தையும் சொல்லணும்ல.

டும்... டும்... கீழ ஊர்ப் பள்ளிவாசல்ல நோன்பு திறக்கச் சொல்லி நகரா முரசு அடிக்கிறாங்க. முள்ளு ஒரு நிமிஷத்தைத் தாண்டிருச்சு. ஜன்னல் வழியா கப்பலூர் பக்கம் பூராவும் பொட்டல், பனைமரம், மழைக்கு இருட்டிக்கிட்டு வர்ற மேகம், திருமங்கலம் ரோட்டுல ஒரு மாட்டு வண்டி, அம்புட்டையும் பாக்குறேன், எதுவும் மனசுல ஏறமாட்டேங்குது. இப்ப கீழ சமையக்கட்டு ஓரத்துல வட்டமா உக்காந்திருப்பானுக, பெரிய சட்டியில கஞ்சி, நான் அமுக்கின மணிக்குச் சுவத்துப் போர்டுல ஏழாம் நம்பர் விழுந்திருக்கும், எவன் தலையைத் தூக்கிப் பாப்பான், ராத்திரி மூணரைக்குச் சாப்பிட்டவன், அதுக்கப்புறம் பகல் பூரா அடுத்தவனுக்குச் சூப்பும் ரோஸ்டும் புட்டிங்கும் தூக்கினவன், வாசனையை மட்டும் மோந்துக்கிட்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்தவன், ஒரு மடக்குத் தண்ணி குடிக்கிற நேரத்துல ஏழாம் நம்பர்க்காரனுக்கு விஸ்கி வேணுமாம்... நான் மதியம் தொரை தட்டுல மிஞ்சின கட்லெட்டைத் தின்னேன். நல்ல கட்லெட், மிளகு கொஞ்சம் தூக்கல். ரெண்டு நிமிஷம். எனக்கு என்ன வந்துச்சு, நான் பாக்க வந்தவன், பாத்துட்டுப் போறவன்... நாலுன்னு சொல்லிருவோம். பதினாலு ஆகட்டும், இருபது ஆகட்டும், நாலு. அஞ்சுன்னு சொன்னா சந்தேகம் வரும், மூணுன்னா நம்பமாட்டாரு, நாலுதான் சரி. எட்டு வருஷத்துல ஒரு நம்பரைக்கூட மாத்தினதில்ல, ஒரு ஓட்டையைக்கூட மறைச்சதில்ல, அந்தத் திமிர் ஒண்ணுதானே எங்கிட்ட இருந்துச்சு, போகட்டும், லத்தீபாவுக்காகப் போகட்டும்... லத்தீபாவுக்காகவா? சேக் இஸ்மாயில் பாய்க்கு ஏன் இந்த நாலு வரல? அவருக்கும் மக இருந்தாளே. தங்கச்சி புருசன்னா நாலு, அடுத்தவன்னா பதினாலு, நல்ல நியாயம்டா ஜமீலு, வெளங்கிரும். முள்ளைப் பாக்கப் பிடிக்கல. கண்ணை மூடிக்கிட்டேன். மூடினா தொட்டித் தண்ணிச் சத்தம், சீட்டி, கையில வாட்ச் ஓடுறது, எல்லாம் சேந்து கேக்குது.

தேக்குப் படியில காலடிச் சத்தம். ஐஸ் கண்ணாடியில படுற கிணிகிணி. கதவைத் தட்டுற முறையில தட்டி, நூருல் அமீன் உள்ள வாரான், தலைப்பாகை நேரா, பட்டை இறுக்கமா, தட்டு ஆடல, உதடு மட்டும் வெள்ளையா வெடிச்சுக் கெடக்கு. தட்டுல விஸ்கி, சோடா, ஐஸ், எல்லாம் இருக்கவேண்டிய எடத்துல இருக்கு, பக்கத்துல வெள்ளைத் துணி போட்டு மூடின ஒரு கோப்பை, அது பாரத்துல இல்லாத சாமான். தட்டை வச்சதும் துணியை எடுக்குறான், ஆவி வருது. "போர்டுல ஏழு விழுந்துச்சு மச்சான், தொரையை விட்டு வரமுடியாம ஒத்தையில மாட்டிக்கிட்டீங்க, எதை வச்சு நோன்பு திறப்பீங்கன்னு சட்டியில இருந்து மொத கரண்டியை உங்களுக்கு எடுத்தாந்துட்டேன், இந்தாங்க." கோப்பை எங்கைக்கு வந்துருச்சு, சுடுது. நீ திறந்தியா மாப்ளன்னு கேட்டேன். "நீங்க திறங்க, அப்புறம் நான்." கையை விரிச்சுக் காட்டுறான், உள்ளங்கையில ஒரு பேரிச்சம்பழம், பிடிச்சுக்கிட்டே ஓடியாந்ததுல நசுங்கியிருக்கு. பெறகு சத்தத்தைக் கொறைச்சு, சிரிச்சுக்கிட்டே, "வேற ரூம் மணியா இருந்தா ஒரு கோப்பை குடிச்சிட்டுத்தான் எந்திரிச்சிருப்பேன் மச்சான், மேனேஜருக்குத் தெரிஞ்சா மன்னிக்கமாட்டான்." இவன் ஓடியாந்தது மணிக்கு இல்ல. ஹோட்டலுக்கு இல்ல, நட்சத்திரத்துக்கு இல்ல. நோன்பே வைக்காத ஒருத்தனை நோன்பு திறக்க வைக்கிறதுக்கு ஓடியாந்திருக்கான்.

"ஜமீல்! ஹவ் மெனி மினிட்ஸ்?" குளிக்கிற ரூமுக்குள்ள இருந்து தொரை. நூருல் அமீனுக்கு இம்புட்டு இங்கிலீஷ் தெரியாதா, பத்து வருஷம் தொரைமாருக்குத் தட்டுத் தூக்கினவன். அவன் கண்ணு எங்கோப்பையில இருந்து நகந்து இடது கைக்கு வருது. வாட்ச். அங்கயே நிக்குது. சிரிப்பு அப்படியே இருக்கு, ஆனா மூஞ்சியில ஈயாடல. "அப்ப... போன வருஷமும் நீங்கதானா மச்சான்?" ஆமான்னு சொல்லியிருக்கணும், தலையாவது ஆட்டியிருக்கணும், நான் ஜன்னலைப் பாத்தேன். ஒருவேளை இவன் கத்துவானோ, சேக் இஸ்மாயில் பாய் பேரைச் சொல்லி நாலு கேள்வி கேப்பானோ, கேட்டாத் தேவலையேன்னு இருக்கு... அவன் கேக்கல. "கஞ்சி ஆறிரும், குடிங்க" அப்படின்னான், மச்சான்னு சேக்காம. வாட்சைப் பாக்குறேன், முள்ளு ஆறு நிமிஷத்தைத் தாண்டி ஓடிக்கிட்டே இருக்கு, கதவு திறந்தப்ப குமிழை அமுக்கவே இல்ல நான், கோப்பையை வாங்குனேன், அமுக்க மறந்துட்டேன், எட்டு வருஷத்துல ஒரு நாளும் மறந்ததில்ல. இவன் எப்ப வந்தான்? மூணா, நாலா, அஞ்சரையா? "ஜமீல்?" மறுபடியும் தொரை. "ஃபோர், சார்" அப்படின்னேன். சொல்லியாச்சு. அது பொய்யா, நெசமான்னு எனக்கே தெரியல, இனிமே யாரைக் கேட்டாலும் தெரியாது, சேக் இஸ்மாயிலுக்கு மட்டும் பதினாலுன்னு அம்புட்டு சுத்தமாத் தெரிஞ்சுது... உள்ள தொரை குட், குட்னு சொல்லிட்டுச் சீட்டியை விட்ட எடத்துல இருந்து தொடங்குறாரு. நூருல் அமீன் பழத்தைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறான், நான் குடிச்சாத்தான் அவன் அதை வாயில வைப்பான்.