எட்டு மடல் மூக்கு

மதியழகன் ஐந்தரைக்கு எழுந்தான். பால் பாக்கெட்டை வெட்டினான். ஒரு டம்ளர் டீ போட்டான். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு பஸ் ஏறினான். மனைவி மேகலா இறந்து ஐந்து மாதமாக இதுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கல்லூரி ஆய்வகத்து மேஜைமேல் அந்தக் குண்டு கிடந்தது. வெடிமருந்தெடுத்த பழைய பீரங்கிக் குண்டு, வரைபடம் கிடைக்காதது. பறக்கும்போது காற்று அதை எவ்வளவு இழுத்துப் பிடிக்கும் என்று கணக்கிட வேண்டும். அதற்கு முதலில் அதன் கூர்முனையான மூக்கின் வளைவு தெரிய வேண்டும். அதில் கொஞ்சம் பிசகினால் குண்டு விழும் இடமே மாறிப்போகும்.

அவனுடைய ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் இருதயராஜ் அறிக்கையை நீட்டினார். "கையெழுத்து போடுப்பா. பன்னெண்டுக்குள்ள அனுப்பணும்."

மதி புரட்டினான். அவன் எழுதிய பக்கத்தைக் காணோம்.

"வளைவு மாறியிருக்கே சார்?"

"போட்டோ எடுத்து புத்தகத்து வளைவோட பொருத்திட்டேன். மூக்கு உடம்போட வழவழன்னு சேரும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"மேகலா எடுத்த அளவு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் கஷ்டம் புரியுது மதி. ஆனா ஷூ கம்பெனி டேப்பு வேலைய இதுல எப்படிப்பா போடறது? இன்னா சார், குண்டுக்கு செருப்பு தைக்கிறீங்களான்னு கேப்பான்."

மேகலா ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டியவள். அங்கே கால் வடிவக் கட்டை அச்சின்மேல் மாஸ்கிங் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, கோடு போட்டு, கத்தியால் கீறி உரித்து, அட்டையில் தட்டையாக ஒட்டுவார்கள். அதைப் பார்த்துத்தான் தோலை வெட்டுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்துக்கு வந்து குண்டின் மூக்குக்கும் அதையே செய்தாள். உரித்தபோது பூவிதழ் மாதிரி எட்டு மடல். ஒரு மடலின் அகலத்தை எட்டால் பெருக்கினால் அந்த இடத்துச் சுற்றளவு, அதிலிருந்து ஆரம். கணக்குப் போட்டபோது வளைவு வழவழவென்று சேரவில்லை. சேருமிடத்தில் லேசாக ஒரு விளிம்பாக ஒடிந்தது. புத்தக வளைவைவிடத் தட்டை. காற்றின் இழுவையும் கம்மி.

"கையெழுத்து போட மாட்டேன்" என்றான்.

"உன் பிஎச்.டி. என் கையில இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு சார். நீங்க இந்தக் குண்ட ஒரு தடவையாவது தொட்டுப் பாத்தீங்களா?"

மதி குண்டை அவர் பக்கம் உருட்டினான்.

"கண்ண மூடிட்டு, விரலை மூக்குலேர்ந்து கீழ இழுங்க."

இருதயராஜ் முறைத்தார். பிறகு வேண்டாவெறுப்பாக இழுத்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. குண்டை உருட்டி வேறு பக்கம் இழுத்தார். அங்கேயும் அந்த விளிம்பு தட்டுப்பட்டது.

"சரி, உன் அளவையே போடு. கையால எடுத்ததுன்னு எழுதிக்கோ. பேரு வேணாம்."

"பேரு வேணும் சார்."

உட்கார்ந்து டைப் அடித்தான். அளவெடுத்தவர்: ம. மேகலா, பேட்டர்ன் கட்டர், ஆம்பூர்.

பின்னால் நின்று படித்தவர் பெருமூச்சு விட்டார். "பிழை எவ்ளோன்னு கேப்பாங்களே. இன்னா சொல்லுவ?"

அது மேகலாவே சொன்னதுதான். சொன்ன அன்றே சாயங்காலம் அவள் வந்த கம்பெனி வேன் கவிழ்ந்தது. கடைசியாக அம்மா என்றாளாம், மதி என்றாளாம், ஆளுக்கொன்று சொன்னார்கள். அவன் காதால் கேட்டது காலையில். மடல் ஒட்டிய அட்டையை அவன் கையில் கொடுத்துவிட்டு வேனில் ஏறி, ஜன்னல் வழியே சொன்னாள்:

"அரை மில்லி முன்னபின்ன இருக்கும். அதுக்கு மேல தப்புன்னு எவனாவது சொன்னா, என்கிட்ட அனுப்பு."