எல்லாருக்கும் ஒரே காலிப் பட்டியல்

தைவானின் தைச்சுங் நகரில் சூ அக்காவின் தேநீர்க் கடைக்கு ஆர்டர் எடுக்கும் செயலியை எழுதித் தந்தவர்கள் போஹானும் அவன் மனைவி யூசென்னும். அவர்களுக்கு இருந்த ஒரே வாடிக்கை அதுதான். மதிய நெரிசலில் திரை நொண்டியது. "இன்னொரு தடவை இது முழிச்சுக்கிட்டு நின்னா, பழையபடி சீட்டுல எழுதிக்கறேன்ப்பா" என்று அக்கா சொல்லிவிட்டார்.

போஹான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிரலைத் துழாவினான். தேநீரில் ஜெல்லி, புட்டிங் என்று கூடுதலாக என்ன போடுவது எனக் குறிக்க, கோப்பைக்குக் கோப்பை ஒரு காலிப் பட்டியல் புதிதாக உருவாகிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் எதுவும் கேட்பதே இல்லை.

"எதுக்கு ஆளுக்கொரு காலி? எல்லாருக்கும் ஒண்ணு போதும். நேரம் மிச்சம், மெமரியும் மிச்சம்" என்றான்.

"யாராவது அதுல எதையாவது போட்டுட்டா?"

"காலின்னா காலிதான். யாரு போடப்போறா?"

யூசென்னுக்கு வாதாடத் தெம்பில்லை. விட்டுவிட்டாள்.

மறுநாள் மதியம் ஒரு கல்லூரிப் பெண் தேநீரில் புட்டிங் போடச் சொன்னாள். அது அந்தப் பொதுப் பட்டியலில் போய் உட்கார்ந்தது. அதன்பின் வந்த அத்தனை பேர் தலையிலும் செயலி புட்டிங்கைக் கட்டியது.

"வெறும் டீ கேட்ட பெரியவருக்கும் புட்டிங் விழுது" என்றார் அக்கா போனில். "இது என் கடையா, புட்டிங் கம்பெனியா? சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுங்க."

யூசென் பழையபடி கோப்பைக்கு ஒரு பட்டியலாக மாற்றினாள். கையோடு எது எவ்வளவு நேரம் தின்கிறது என்றும் அளந்தாள். காலிப் பட்டியலின் செலவு கண்ணுக்கே தெரியவில்லை. மொத்த நேரத்தையும் விழுங்கியது, திரையில் கோப்பையை ஏந்தி ஆடும் ஒரு பெண்ணின் படம். ஒவ்வொரு ஆர்டருக்கும் அது முதலிலிருந்து திறந்தது. வரைந்தவள் யூசென்.

"இது உனக்குத் தெரியுமாடா?"

போஹான் நகத்தைப் பார்த்தான். "முதல் நாளே."

"அப்புறம் ஏன் காலிப் பட்டியலைப் போட்டுக் கசக்கினே?"

"நீ ஆசை ஆசையா வரைஞ்சதாச்சே."

கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு அவன்மேல் பிரியம்தான் பொங்கியது. தன் படத்தை இதைவிட யாரும் பாராட்டியதில்லை என்று நினைத்தாள். அதைத் தன் கையாலேயே நீக்கினாள். அடுத்த ஆர்டருக்கு ரசீது சட்டென்று வந்து விழுந்தது. "சரி, பெட்டி இங்கயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அக்கா.

"இனிமே என் படம் பாரமா இருந்தா நேரா சொல்லிடு" என்றாள் யூசென். "நான் அழமாட்டேன்."

"நான் அழுவேன்" என்றான் போஹான்.