கஷ்ஷா வளைவில் இரண்டு சத்தியங்கள்

என் தங்கை ஸுவைதாவின் குழந்தைக்கு ஏழாம் நாள் விருந்து. அதற்குப் போகிற வழியில்தான் எனக்கு விவாகரத்து ஆகப் பார்த்தது. சண்டை ஒன்றும் இல்லை. என் கணவர் கல்ஃபான் அளவுக்கு மீறிய மரியாதைக்காரர், அவ்வளவுதான்.

தங்கையின் ஊர் கஷ்ஷா பள்ளத்தாக்கின் உச்சியில் இருக்கிறது. தண்ணீரில்லாத ஆற்றின் உருண்டைக் கற்களில் குடல் குலுங்கப் போய், பிறகு மலையேற வேண்டும். ஒரு பக்கம் பாறைச் சுவர். மறுபக்கம் எட்டிப் பார்க்காமல் இருப்பது நல்லது. ஒரு ஜீப்பே மூச்சை அடக்கிக்கொண்டுதான் போகும்.

வளைவு ஒன்றில் எதிரே இன்னொரு ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் முஹன்னா. என் தங்கைக்குப் பக்கத்து வீடு, தாடி நரைத்த மனிதர். முன் சீட்டில், அவருக்குப் பக்கத்தில், பெல்ட் போட்டுக்கொண்டு ஒரு கிடா உட்கார்ந்திருந்தது. நிஸ்வா சந்தைக்குப் போகிறதாம். பின்னால் ஏற்றினால் வாந்தி எடுக்குமாம்.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரும் அவரும் இறங்கிக் கைகொடுத்தார்கள்.

“கீழ என்ன சேதி தம்பி?”

“ஒரு சேதியும் இல்லண்ணே. மேல என்ன சேதி?”

“ஒண்ணும் இல்ல. ஊருப் பக்கம் வேற சேதி?”

“அறவே இல்ல.”

சேதி இல்லை என்று நன்றாக உறுதியான பிறகு வழிக்கு வந்தார்கள். “நீங்க விருந்தாளி. நான் ரிவர்ஸ் எடுக்கறேன்” என்றார் முஹன்னா. “வயசுல பெரியவரு நீங்க. நான் எடுக்கறேன்” என்றார் இவர். இருவரும் வண்டியில் ஏறி, இருவரும் ரிவர்ஸ் எடுத்தார்கள்.

நாங்கள் கீழே இலந்தை மரம் வரை வந்து ஒதுங்கிக் காத்திருந்தோம். யாரும் வரவில்லை. “பாவம், வண்டி படுத்துடுச்சு போல” என்று இவர் மறுபடி ஏறினார். மேலே ஒதுங்கி நின்ற முஹன்னாவும் எங்களைப் பற்றி அதையே நினைத்துக்கொண்டு இறங்கி வந்திருந்தார். அதே வளைவில் மூக்கோடு மூக்கு. மறுபடி இறங்கினார்கள். மறுபடி, என்ன சேதி. மறுபடி, ஒன்றும் இல்லை.

இந்த முறை முஹன்னா உஷாராக முந்திக்கொண்டார். “இதோ பாரு தம்பி, நீ ரிவர்ஸ் எடுத்தா என் பொண்டாட்டி ஜோக்கா எனக்கு தலாக்.”

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “நீங்க எடுத்தா என் பொண்டாட்டி ராயா எனக்கு தலாக்.”

ராயா நான்தான். மடியில் அல்வா டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் திருப்தியாக நின்றார்கள். பிறகுதான் முகம் மாறியது. யார் பின்னால் போனாலும் ஒரு குடும்பம் போய்விடும். போன் எடுத்துப் பார்த்தார்கள், சிக்னல் இல்லை. ‘நீ’ என்றால் ஆளா, வண்டியா என்று ஆராய்ச்சி நடந்தது. முஹன்னா பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினார். இவர் பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். கிடா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தது.

நான் ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். டப்பாவை வைத்துவிட்டு இறங்கினேன்.

“கல்ஃபான், தள்ளு” என்றேன். கோபம் வந்தால்தான் பெயர் சொல்லுவேன். “நான் ரிவர்ஸ் எடுத்தா எவளுக்கும் தலாக் இல்லல்ல?”

“தங்கச்சி, நீங்க போயி... சத்தியமா...” என்று முஹன்னா ஆரம்பித்தார்.

“அண்ணே, இனி ஒரு சத்தியம் பண்ணினீங்கன்னா உங்க கிடாவைப் பள்ளத்துல தள்ளிடுவேன்.”

முஹன்னாவின் ஜீப்பில் ஏறிப் பின்பக்கமாக மலையேறினேன். கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் கிடாவின் மூச்சு கன்னத்தில் பட்டது. ஒதுங்குகிற இடம் வந்தது. நான் நிற்கவில்லை. நின்றால் யார் முதலில் புறப்படுவது என்று தொடங்குவார்கள். ஊர் வரைக்கும் ரிவர்ஸிலேயே போனேன்.

ஜோக்கா வாசலுக்கு ஓடி வந்தாள். “எங்க வீட்டுக்காரர் எங்க?”

“என் வீட்டுக்காரர் கூட வர்றார். உன் பேர்லயும் என் பேர்லயும் தலாக் சத்தியம் பண்ணிட்டு காபி குடிச்சிட்டு இருந்தாங்க ரெண்டு பேரும்.”

அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். எங்கள் ஜீப்பில் வந்து இறங்கிய முஹன்னா, தன் வீட்டு வாசலிலேயே விருந்தாளி மாதிரி நின்றார்.

ஊர் இமாம் இருவரையும் உட்கார வைத்துத் திட்டினார். கல்யாணங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இந்த வாய்க்குப் பரிகாரமாகச் சேர்ந்து பத்து ஏழைகளுக்குச் சோறு போட வேண்டும் என்றார். கிடா சந்தைக்குப் போகாமல் அடுப்புக்குப் போனது. எனக்கு ஒரு துண்டுகூட இறங்கவில்லை.

சாப்பிட எல்லோரும் வந்தார்கள். ஏழை மட்டும் யாரும் இல்லை. “என்னைப் பார்த்தா ஏழை மாதிரியா இருக்கு? நான் விருந்தாளியா வந்திருக்கேன்” என்று கிழவர் ஒருவர் இவர் சட்டையைப் பிடித்துவிட்டார். பானை காலியானது. கணக்கில் ஒரு ஆள்கூட ஏறவில்லை.

மறுநாள் புதிதாகச் சமைத்த பானையோடு இருவரும் ஒரே ஜீப்பில் நிஸ்வாவுக்கு இறங்கினார்கள். கடைத்தெருவில் ஏழையா என்று கேட்டு இரண்டு பேரிடம் வசவு வாங்கினார்களாம். களைத்துப்போய்ப் பள்ளிவாசல் சுவரோரம் உட்கார்ந்தபோது ஒரு மனிதர் வந்து இவர்கள் கையைப் பிடித்தார். வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாயில் உட்கார வைத்துச் சோறு போட்டார். மறுத்தால் மரியாதை இல்லையே என்று இரண்டு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறார்கள். அவருக்கும் ஏதோ சத்தியமாம். பத்துக்கு இரண்டு ஆள் குறைந்ததாம்.

அந்தப் பாயில் இவர்களோடு சாப்பிட்ட எட்டுப் பேரும் ராத்திரி இவர்கள் பானைக்கு வரச் சம்மதித்துவிட்டார்கள். மீதி இரண்டு பேரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஜோக்கா தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள், ஆனால் காபி மட்டும் இன்னும் ஊற்றவில்லை.