ஆறு புள்ளி ஒன்று

என் வீட்டுக்காரரிடம் வெறும் எண்ணைச் சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. தராசு பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். காய்கறிக் கடைக்காரர் ஒருவர் மேஜைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, இருபது குறையுது" என்று சொன்னால் போதும். கையிலிருக்கும் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "இருபது என்ன? கிராமா, கிலோவா, யானையா?" என்று கேட்பார். வந்தவர் வாய் திறந்து கிராம் என்று சொல்கிறவரை தராசைத் தொடமாட்டார். வீட்டிலும் இதே கூத்துதான். "உப்பு கொஞ்சம் கம்மியா?" என்று கேட்டால், "கொஞ்சம்னா எவ்வளவு? அளவோட கேளு" என்பார். இருபத்தாறு வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு என் காதே மரத்துப்போய்விட்டது.

அப்படிப்பட்ட மனுஷன்தான் போன மாதம் ஒரு காலையில் வெறும் எண்ணைக் கேட்டுவிட்டு, கட்டிலில் மல்லாந்து படுத்து, எனக்குப் பிரியாவிடை சொன்னார்.

அவருக்கு நாலு வருஷமாக சுகர். இந்த வருஷம் ரெண்டு கண்ணிலும் புரை. வலது கண் ரொம்ப மோசம். தராசு முள் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. வெளியே யாருக்கும் இது தெரியாது. ஆறு மாதமாக நான்தான் கடையில் அவர் பக்கத்தில் நின்று, வாயை அதிகம் திறக்காமல், "இடது பக்கம் கொஞ்சம்" என்பேன். அவரும் வாயைத் திறக்காமல், "கொஞ்சம்னா எவ்வளவு?" என்று பல்லைக் கடிப்பார். "ஒரு கோடு" என்பேன். முள்ளைப் பார்ப்பது நான், திட்டு வாங்குவதும் நான். தராசு கொண்டு வந்தவர்கள் எங்களைப் பார்த்து, இந்த வயசிலும் என்ன அன்னியோன்யம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அதோடு போயிருந்தால் சமாளித்திருப்போம். மாசக் கடைசியில் அவருடைய உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். எடை, அளவுகளைச் சோதிக்கிற அளவை ஆபீஸில் அதிகாரி முன்னால் தனியாக உட்கார்ந்து, கோணலாக்கி வைத்த ஒரு தராசைச் சரிசெய்து காட்ட வேண்டும். துணைக்கு ஆள் போக முடியாது. உரிமம் போனால் கடை இல்லை. கடை இல்லாமல் இந்த மனுஷன் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆவார்?

ஆபரேஷன் செய்தால் கண் சரியாகும் என்றார் கண் டாக்டர். ஆனால் சுகர் இருநூறுக்குக் கீழே இருந்தால்தான் கத்தியை எடுப்பார். முதல் தடவை போனோம், இருநூற்று எண்பத்தாறு. திருப்பி அனுப்பிவிட்டார். ரெண்டாம் தடவை இருநூற்று நாற்பத்துமூன்று. "இன்னொரு தேதி தர்றேன். அதையும் விட்டீங்கன்னா அடுத்தது நாலு மாசம் கழிச்சுத்தான்" என்றார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் திருந்தினார். நடந்தார், நேரத்துக்கு மாத்திரை போட்டார், பிஸ்கட் டப்பாவை என் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லி சாவியையும் என்னிடமே கொடுத்தார். அதில் எனக்குக் கொஞ்சம் கண் கலங்கியதை அவரிடம் சொல்லவில்லை. எவ்வளவு கலங்கியது என்று கேட்பார்.

ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் முன்னால் சுகர் மெஷின் செத்துப்போனது. தானாகச் சாகவில்லை. "இது சரியாக் காட்டுதான்னு யாரு பாத்தா?" என்று அதைத் திறந்து பார்த்தார். தராசைத் திறக்கிற கை சும்மா இருக்குமா? திரும்ப மூடியபோது அது எதையுமே காட்டவில்லை. நல்லவேளையாக என் தம்பி லீவில் வந்திருந்தான். கப்பலில் சமையல்காரன். ஏதோ ஒரு துறைமுகத்தில் மாமாவுக்கென்று வாங்கிய புது மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினான்.

ஆபரேஷன் மதியம் ரெண்டு மணிக்கு. அன்று காலை ஆறரைக்கு, வெறும் வயிற்றில் விரலைக் குத்தி, ஸ்ட்ரிப்பில் ரத்தத்தைத் தொட்டேன். என் கண்ணாடி எங்கே போனதோ தெரியவில்லை. எண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"எவ்வளவு?" என்றார்.

"ஆறு புள்ளி ஒண்ணு."

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எழுபதுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து, உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும் என்று டாக்டர் தலைப்பாடாகச் சொல்லியிருந்தார். இது எழுபது இல்லை, ஏழுகூட இல்லை.

"ஐயையோ" என்றேன். அதுவரை கட்டிலில் உட்கார்ந்து ஜோராகக் காலாட்டிக்கொண்டிருந்தவர், அந்த ஐயையோவைக் கேட்டதும் அப்படியே சாய்ந்தார்.

"எனக்குக் கண்ணு இருட்டுது" என்றார்.

"உங்களுக்குத்தான் ஆறு மாசமா இருட்டுதே!"

"இது வேற இருட்டு. கடைச் சாவி மேஜை டிராயர்ல இருக்கு. பாத்துக்கோ."

எனக்குக் கை கால் ஓடவில்லை. தம்பிக்குத்தான் ஓடியது. கப்பலில் நாற்பது பேருக்குச் சமைக்கிறவன், கரண்டி கையில் கிடைத்தால் விடுவானா? ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று கரண்டி சர்க்கரையைக் கலக்கிக் கொண்டுவந்தான். மூன்று மாதமாகச் சர்க்கரையைக் கண்ணால்கூடப் பார்க்காத மனுஷன் ஒரே மடக்கில் குடித்து, டம்ளரின் அடியையும் விரலால் வழித்தார். கால் மணி நேரம் கழித்துக் குத்தினோம்.

"எட்டு புள்ளி ஒம்பது!" என்று தம்பி கத்தினான். "ஏறுதுக்கா! விடாத!"

அலமாரியைத் திறந்தேன். பிஸ்கட் வந்தது, தேன் வந்தது, பழச்சாறு வந்தது. அடுத்த தடவை பதிமூன்று புள்ளி இரண்டு. "இப்ப எப்படி இருக்குங்க?" என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "தேவலை. ஆனா அந்தத் தேன் போனப்புறம்தான் தெம்பு வந்துச்சு. இன்னும் ரெண்டு கரண்டி போட்டுப் பாரு" என்றார். உயிர் போகிற மனுஷன் தேன் பாட்டிலின் மூடியை அவரே திருகித் திறந்ததை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். பயத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது?

எட்டு மணிக்குப் பதினைந்து புள்ளி ஆறு. தம்பி விரல் விட்டு எண்ணினான். "மாமா, இந்த வேகத்துல போனா எழுபது வர்றதுக்கு இன்னும் அரை கிலோ சர்க்கரை வேணும்."

அவர் கண்ணைத் திறந்தார்.

"அரை கிலோன்னு சொன்ன பாரு, அது பேச்சு. அந்தப் பதினஞ்சுன்னு சொன்னியே மாப்ள, அது என்ன?"

"பதினஞ்சுதான் மாமா."

"பதினஞ்சு என்னடா? எந்த அளவுல?"

தம்பி மெஷினைத் திருப்பிப் பார்த்தான். "எண்ணுக்குக் கீழ பொடியா எம், எம், ஓ, எல்னு போட்டிருக்கு. மெஷின் கம்பெனி பேரா இருக்கும்னு விட்டுட்டேன்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். வீடே அதிர்ந்தது. "கம்பெனி பேரா? எண்ணுக்குப் பக்கத்துல கம்பெனி பேரை எவன்டா போடுவான்? அது அளவுடா, அளவு! என் வீட்டுலயே, என் ரத்தத்துக்கே, அளவு கேக்காம எண்ணு சொல்லியிருக்கீங்க ரெண்டு பேரும்!"

"நீங்களும்தானே கேட்டுட்டுப் படுத்தீங்க?" என்றேன். எனக்கும் கோபம் வராதா? அவர் சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

"சந்தேகமான தராசுன்னா என்ன பண்ணுவோம்? தெரிஞ்ச எடைக்கல்லை வெச்சுப் பாப்போம். போன வாரம் மருந்துக்கடையில உனக்குப் பாத்தப்ப எவ்வளவு?"

"வெறும் வயித்துல தொண்ணூத்தாறு."

"இன்னிக்கு ஏதாவது சாப்பிட்டியா?"

"எங்க சாப்பிட விட்டீங்க?"

"அப்ப நீதான் என் எடைக்கல்லு. விரலை நீட்டு."

குத்தினார். அவருக்கு எண் தெரியவில்லை, தம்பி படித்தான். ஐந்து புள்ளி மூன்று. தொண்ணூற்றாறை ஐந்து புள்ளி மூன்றால் மனசுக்குள்ளேயே வகுத்துவிட்டு, "ஏறக்குறைய பதினெட்டு மடங்கு" என்றார். மருந்துக்கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் போனே குலுங்கியது.

"ரெண்டும் ஒரே சர்க்கரைதாம்மா, அளக்கிற விதம்தான் வேற. சில நாட்டு மெஷினு மில்லிமோல்ல காட்டும். நாம பாக்கிறது மில்லிகிராம். பதினெட்டால பெருக்கிக்கோங்க. நாம சொல்ற கணக்குல நெசமாவே ஆறு இருந்தா அவரு தேன் கேட்டுக்கிட்டு இருப்பாராம்மா? பேச்சு மூச்சே இருக்காது."

பெருக்கினோம். பதினைந்து புள்ளி ஆறு என்பது இருநூற்று எண்பது. காலையில் வந்த ஆறு புள்ளி ஒன்று என்பது நூற்றுப்பத்து. நாலு வருஷத்தில் அவ்வளவு நல்ல எண் அவருக்கு வந்ததே இல்லை. அந்த நூற்றுப்பத்தின் தலையில்தான் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சர்க்கரையைக் கொட்டியிருந்தோம்.

அவர் காலிப் பிஸ்கட் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதம் வாயைக் கட்டியது ஒன்றரை மணி நேரத்தில் போய்விட்டது. "நாலு மாசம்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மருந்துக்கடைக்காரம்மா இன்னும் லைனில்தான் இருந்தார்.

"பதறி மாத்திரைய ரெண்டா போட்டுடாதீங்க. வழக்கமா காலையில போடுறதைப் போடுங்க, நிறையத் தண்ணி குடிக்க வெச்சு நடக்க விடுங்க. ஆபரேஷனுக்கு இன்னும் அஞ்சாறு மணி நேரம் இருக்கில்ல?"

"செருப்பைப் போடுங்க" என்றேன் அவரிடம்.

ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டர், நின்று நின்று நடந்தோம். பஸ் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனது. நான் அவர் கையைப் பிடித்திருந்தேன், பள்ளம் மேடு தெரியாதே. தம்பி தண்ணீர் பாட்டிலும் மெஷினுமாகப் பின்னால் வந்தான். வழியில் ஒரு பேக்கரி வந்தபோது அவர் நடை தானாகவே தளர்ந்தது. "மூக்கைப் பொத்துங்க" என்றேன். பொத்திக்கொண்டே நடந்தார். ஆஸ்பத்திரி வாசலில் பன்னிரண்டு மணிக்குக் குத்தினோம். பதினொன்று புள்ளி ஒன்பது, இருநூற்றுப்பதினான்கு. "மாடிப்படி!" என்றான் தம்பி. மூன்று மாடி ஏறி இறங்கினோம், நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் ஏறினோம். காவலாளி எங்களைத் திருடர்களைப் போலப் பார்த்தார்.

ஒரு மணிக்கு நர்ஸ் ரத்தம் எடுத்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

"நூத்தி எம்பத்திமூணு" என்றார் நர்ஸ்.

"நூத்தி எம்பத்திமூணு என்ன?" என்றார் இவர்.

"டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு கணக்குங்க."

"இந்தப் பொண்ணு உருப்படும்" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

டாக்டரிடம் எதையும் மறைக்கவில்லை, காலைக் கூத்தை முழுசாகச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்க முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். "மூணு மாசச் சுகர் சராசரியும் ஏழுக்குள்ள வந்திருக்கு. ஒரு நாள் காலையில தேன் குடிச்சதால அது மாறாது" என்றார். "ஏழு என்ன?" என்று என் வீட்டுக்காரர் வாயெடுத்தார். "சதவீதம். வந்து படுங்க" என்றார் டாக்டர்.

மாசக் கடைசியில் அளவை ஆபீஸ் வாசலில் நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. அவர் முதுகுதான் தெரிந்தது, அதற்கப்பால் கோணலாக்கிய தராசும் அதன் முள்ளும். ஆபரேஷன் செய்த கண் நன்றாக வந்திருக்கிறது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் ஆறு மாதப் பயம் ஒரே நாளில் போய்விடுமா? அவர் திருகாணியைத் திருப்பினார், முள் நகர்ந்து நின்றது. எனக்கு என்னவோ நடுக்கோட்டுக்கு வரவில்லை என்று பட்டது. பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கவில்லை.

"இடது பக்கம் கொஞ்சம்" என்று முணுமுணுத்தேன்.

உள்ளேயிருந்து அவர் திரும்பாமலே சத்தம் போட்டார். "முள்ளு நடுவுலதான் நிக்குது! நீ வாசல்ல சாஞ்சு நின்னு பாத்தா கோணலாத்தான் தெரியும். கொஞ்சமாம் கொஞ்சம்! அளவோட சொல்லு!"

அதிகாரி எட்டி முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே உரிமத்தில் முத்திரையைக் குத்தினார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அங்கேயே நின்று அழுதேன்.